டிஸ்க் போனாலும் மேனுவல் போகக்கூடாது

இரண்டாயிரத்தையொட்டி வந்த கார், வேன், ஜீப்புகளில் பலவற்றுக்குச் சர்வீஸ் மேனுவல் சிடியில்தான் வந்தது. அதற்கு முன்னால் அது டீலர் பட்டறையின் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த தடித்த கோப்பு வரிசை. 700 மெகாபைட் வட்டு ஒன்றுக்குள் பல ஆயிரம் பக்கங்கள் அடங்கிவிடும் என்றானதும் நிறுவனங்கள் அச்சடிப்பதைக் குறைத்துக்கொண்டன. இருபது வருஷம் கழிந்துவிட்டது. வண்டி இன்னும் ஓடுகிறது. டிஸ்க் ஓடமாட்டேன் என்கிறது.

கீறல் விழுந்த டிஸ்க், டிவிடி டிரைவே இல்லாத லேப்டாப், விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள். இந்த மூன்றையும் தாண்டி மேனுவலைப் பட்டறைக்குள் கொண்டுவர முடியுமா, முடிந்தால் எந்த வழி கரிசக்காட்டுப் பட்டறைக்குத் தோதுப்படும் என்று அருப்புக்கோட்டை மெக்கானிக் ஒருவருடன் சேர்ந்து செய்து பார்த்ததன் விவரம் இது. முடியும். ஆனால் கணினி தெரிந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் வழி பட்டறைக்கு உதவவில்லை. உதவியது வேறொன்று.

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் பறக்கிற புது வண்டிகளுக்கு இந்த ஊர்ப் பட்டறைகளில் வேலையில்லை. ஊர்ப் பிழைப்பைச் சுமப்பவை வேறு. விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப் போகிற வேன், விசைத்தறிச் சேலைக் கட்டு ஏற்றுகிற வண்டி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மூட்டங்களிலிருந்து சீமைக்கருவேலங்கரி சுமக்கிற வண்டி, கோடையில் தண்ணீர் டேங்க் இழுக்கிற டிராக்டர். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள். இவற்றில் பாதிக்கு மேல் மூன்றாவது, நான்காவது கைக்கு வந்தவை. நகரத்தில் ஒருவர் பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்ற வண்டிக்கு இந்த வானம் பார்த்த பூமியில் இன்னொரு பத்து வருஷம் ஆயுசு இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் என்றால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மதுரைக்குப் போக வேண்டும். போனாலும், இத்தனை பழைய மாடலுக்கு ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவதுண்டு.

சில வண்டிகளுக்குக் கம்பெனியே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. சபரிமலைக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓடிய அதன் டவேராக்கள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. குவாலிஸை டொயோட்டா 2000-இல் கொண்டுவந்து 2005-இல் நிறுத்தி இன்னோவாவுக்கு மாறியது. அதன் பின்னும் குவாலிஸ் இந்தப் பக்கத்துச் சாலைகளில் வெகுகாலம் உழைத்தது. கம்பெனி போகலாம், மாடல் நிற்கலாம். வண்டியைத் திறந்து மூடத் தெரிந்த அறிவும் அதோடு போய்விடக்கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கைப்பக்குவம் போதாதா என்று கேட்கலாம். அம்பாசடருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்கும் போதும். சத்தத்தைக் கேட்டே நாசில் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். காமன் ரெயில் வந்தபிறகு நிலைமை வேறு. குழாய்க்குள் டீசல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் நிற்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. புளூடூத்தில் இணையும் சின்ன இஎல்எம்327 கருவியைச் செருகினால் பி0087 என்று ஒரு பிழைக் குறியீடு வரும். ரெயில் அழுத்தம் குறைவு என்று அதற்குப் பொருள். காரணம் டீசல் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், குழாயில் காற்றுப் பிடித்திருக்கலாம், பம்பின் அளவு வால்வாக இருக்கலாம், சென்சாராக இருக்கலாம், ஒரு இன்ஜெக்டர் ரிட்டர்னில் அதிகம் விட்டுக்கொண்டிருக்கலாம். எதை முதலில் பார்ப்பது, எத்தனை நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரிட்டர்ன் வந்தால் சரி, எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற வரிசை மேனுவலில் இருக்கிறது. அது இல்லாதவர் பம்பை மாற்றுவார். பம்ப் மாறும், குறியீடு மாறாது. வண்டிக்காரரின் ஒரு சீசன் வருமானம் அதில் போய்விடும்.

ஹெட் போல்ட்டும் அப்படித்தான். பல இன்ஜின்களில் குறிப்பிட்ட டார்க்குக்கு இறுக்கிவிட்டு, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும். எந்த போல்ட்டிலிருந்து தொடங்குவது என்று வரிசையும் உண்டு. சிலவற்றில் ஒருமுறை கழற்றிய போல்ட்டை மறுபடி போடவே கூடாது. கை இதை உணர்ந்து சொல்லாது. எழுதி வைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருந்த டிஸ்க், கடையை மூடிய ஒரு டீலரிடமிருந்து சாமான்களோடு மெக்கானிக் விலைக்கு வாங்கியது. வண்டி, இந்தியாவில் இப்போது விற்பனையில் இல்லாத ஒரு டீசல் வேன். டிஸ்க்கில் வட்டமாகவும் குறுக்காகவும் கீறல்கள். மெக்கானிக் வீட்டில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று கிடந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதோடு வெளியே செருகுகிற யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று, ஆண்ட்ராய்டு போன் ஒன்று. அவ்வளவுதான் கருவிகள். டிவிடி டிரைவ் வாங்க வேண்டியதும் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்களில் டிவிடி ரைட்டர் இன்னும் இருக்கிறது. கேட்டால் படித்துத் தருவார்கள்.

முதல் வேலை டிஸ்க்கைத் துடைப்பது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது. எழுத்து ஓடுவது வட்டத்தில். வட்டமாக விழும் ஒரு கீறல் ஒரே இடத்துத் தகவலைத் தொடர்ச்சியாக அழிக்கும், குறுக்குக் கீறலைப் பிழை திருத்தும் முறை பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். இன்னொன்று, பளபளப்பான பக்கத்தை எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆபத்து மேல் பக்கத்தில் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் கீழே. அலுமினியப் படலம் லேபிளுக்கு அடியில் மெல்லிய பூச்சு ஒன்றின் மறைவில் மட்டும் இருக்கிறது. கீழே விழுந்த கீறலை மெருகேற்றிப் போக்கலாம், லேபிள் பக்கம் சுரண்டுபட்டால் அந்தத் தகவல் போனதுதான். பால்பாயின்ட் பேனாவால் டிஸ்க் மேல் வண்டிப் பெயரை அழுத்தி எழுதி வைத்திருப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

பிறகு நகல். கோப்புகளை இழுத்துப் போடுவது நகல் ஆகாது. டிஸ்க்கை முழுசாக, ஒரு துண்டு விடாமல், ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்க வேண்டும். நல்ல டிஸ்க் என்றால் விண்டோஸில் இம்க்பர்ன் போதும். கீறல் டிஸ்க்குக்கு லினக்ஸில் ஓடும் குனு டிடிரெஸ்க்யூதான் சரியான கருவி, இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சாதாரணப் பிரதியெடுப்பு ஒரு கெட்ட இடத்தில் முட்டினால் அங்கேயே நின்று திணறும். டிடிரெஸ்க்யூ அதைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். நல்ல பகுதியையெல்லாம் முதலில் எடுத்து முடித்துவிட்டு, விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறுசிறு துண்டாக முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊருக்கு இது சின்ன வசதியல்ல.

எங்கள் டிஸ்க்கில் கொஞ்சம் மிச்சம் நின்றது. 80 நிமிட சிடி ஒன்றில் சுமார் 3,60,000 செக்டார்கள் உண்டு, ஒவ்வொன்றும் 2,048 பைட். அதில் ஒரு சிறு கற்றை எவ்வளவு முயன்றும் வரவில்லை. அந்தக் கற்றை வயரிங் பகுதியில் விழுந்திருந்தது. மதுரையில் அதே டிஸ்க் வைத்திருந்த இன்னொரு மெக்கானிக்கை நம்மவருக்குத் தெரியும். அவருடையதிலும் கீறல்தான், ஆனால் வேறு இடத்தில். அதே வரைபடக் கோப்பை வைத்து இரண்டாவது டிஸ்க்கைப் படிக்கச் சொன்னால் டிடிரெஸ்க்யூ விடுபட்ட செக்டார்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்புகிறது. ஓடாத இரண்டு டிஸ்க்குகளிலிருந்து முழு மேனுவல் ஒன்று வந்தது. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். டிஸ்க்கின் மேலிருக்கும் பதிப்பு எண்ணை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஐஎஸ்ஓ கைக்கு வந்துவிட்டால் அசல் டிஸ்க்கின் தேவை தீர்ந்ததா? பெரும்பாலும் தீர்ந்தது. கோப்புகளை ஹார்டு டிஸ்க்கில் வெறுமனே கொட்டி இயக்கினால் பல மேனுவல் மென்பொருள்கள் டிஸ்க்கைப் போடு என்று நிற்கும். அவை பார்ப்பது இரண்டு மூன்று சங்கதிகள்: தான் இருக்கும் டிரைவ் சிடி வகையா, அதன் பெயர் தான் எதிர்பார்க்கும் பெயரா, நிறுவியபோது குறித்துவைத்த அதே டிரைவ் எழுத்தா. ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்தால் கணினிக்கு அது நிஜ சிடிபோலத் தெரியும். பெயரும் அசலின் பெயராகவே இருக்கும். விண்டோஸ் 8 முதல் இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம், கோப்பின் மேல் இரட்டை கிளிக் போதும். ஒரு குறை, கணினியை அணைத்து எழுப்பினால் மவுண்ட் போய்விடும், அடுத்த முறை வேறு எழுத்தில் வரலாம். வின்சிடிஎமு என்ற இலவச மென்பொருளில் எழுத்தை நாமே தேர்ந்து நிலையாக வைத்துக்கொள்ளலாம். மேனுவல் டி டிரைவில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் இதுவே மருந்து.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் வழியாக இயக்குபவர்களுக்கு இன்னும் சுலபம். அதன் அமைப்புப் பகுதியில் ஒரு சாதாரணக் கோப்புறையைக் காட்டி, இது சிடி டிரைவ், இதன் பெயர் இது என்று நிரப்பிவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. 64-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாத 16-பிட் நிறுவல் நிரல்களும் வைனில் பல நேரம் ஓடிவிடுகின்றன. பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போட்டு இப்படிப் பயன்படுத்துவதே செலவில்லாத வழி என்று நினைக்கிறேன்.

அடுத்த தடை மென்பொருளின் வயசு. அந்தக் காலத்து மேனுவல்கள் பலவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பி எழுதப்பட்டவை. ஆக்டிவ்எக்ஸ், ஜாவா ஆப்லெட், வயரிங் படத்துக்கு அடோபி எஸ்விஜி வியூவர், அனிமேஷனுக்கு ஃபிளாஷ் என்று ஒவ்வொரு டிஸ்க்கும் ஒவ்வொன்றில் சாய்ந்து நிற்கும். சாய்ந்த சுவர் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டது. எஸ்விஜி வியூவருக்கு ஆதரவு 2009 தொடக்கத்தோடு நின்றது, ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு, எக்ஸ்புளோரர் 2022 ஜூனில். எட்ஜ் உலாவியில் எக்ஸ்புளோரர் பாங்கு என்று ஒன்று இருக்கிறது. சில மேனுவல்களின் முகப்பு அதில் உயிர்பெறும். ஆனால் பட்டியலில் சேர்த்த பக்கம் 30 நாளில் காலாவதியாகி மறுபடி சேர்க்கச் சொல்லும். தினசரி வேலைக்கு அது ஒத்துவராது.

கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதற்குள் ஐஎஸ்ஓவைச் செருகுவது கணினிக்காரர்கள் முதலில் சொல்லும் வழி. செய்து பார்த்ததில் இதைப்போல் மேனுவலை அசல் வடிவில் காட்டியது வேறெதுவும் இல்லை. தேடல், படத்தின் மேல் சொடுக்கினால் பாகத்தின் பெயர், வயரிங் கோட்டைத் தொட்டால் அது போகும் பாதை நிறம் மாறுவது எல்லாம் கம்பெனிப் பட்டறையில் ஓடியதுபோலவே ஓடின. எக்ஸ்பிக்கு 512 மெகாபைட் ராம் ஒதுக்கினால் தாராளம். அதற்கு முறையான உரிமம் வேண்டும். 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் அந்த எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்கவே கூடாது. மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

பட்டறையில் இது எடுபடவில்லை. திறக்க நேரமாகிறது, மடிக்கணினியின் பேட்டரி செத்திருக்கிறது, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அதன் விசிறி அலறுகிறது, கரிசல் தூசி விசைப்பலகைக்குள் இறங்குகிறது. மெக்கானிக் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு லேப்டாப்ப எங்க தம்பி வைக்கிறது? போன்ல ஏத்திக் குடுங்க."

இந்தச் சோதனையில் நேரம் முழுவதையும் தின்றதும், பலன் முழுவதையும் தந்ததும் அந்தப் போன் வேலைதான்.

ஆண்ட்ராய்டில் ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்ய நேர்வழி இல்லை. இசட்ஆர்கைவர் என்ற செயலி அதை ஜிப் கோப்புபோலப் பிரித்துக் கொடுக்கும்; கணினியில் செவன்-ஜிப் அதே வேலையைச் செய்யும். பிரித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதிர்ஷ்டமிருந்தால் வெறும் பிடிஎஃப்கள் வரிசையாக இருக்கும், மென்பொருள் என்பது அவற்றைத் திறக்கும் பட்டியல் மட்டும். அப்படியென்றால் வேலை அங்கேயே முடிந்தது. எங்களுடையது எச்டிஎம்எல் வகை. பக்கங்கள் திறந்தன, படங்கள் வரவில்லை. காரணத்தைத் தேடியதில் இரண்டு அகப்பட்டன. ஒன்று, இப்போதைய ஆண்ட்ராய்டு உலாவிகள் போனுக்குள் இருக்கும் ஒரு பக்கம் பக்கத்துக் கோப்பைத் தொடுவதையே தடுக்கின்றன. இரண்டாவது, விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது; பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிய படத்தின் பெயர் டிஸ்க்கில் பெரிய எழுத்தில் கிடந்தது, சாய்கோடும் எதிர்த்திசையில். லினக்ஸ் வகைக் கணினிகள் இதை மன்னிப்பதில்லை. கோப்புப் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றி, பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளையும் திருத்த ஒரு சிறு நிரல் போதுமாக இருந்தது. பாலிடெக்னிக்கோ பொறியியலோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் செய்துவிடும்.

வயரிங் படங்கள் எஸ்விஜி கோப்புகளாக இருந்தன. அன்றைக்குத் தனி வியூவர் கேட்ட அந்த வகையை இன்றைய உலாவிகள் தாமாகவே திறக்கின்றன; காலம் இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. டிஃப் வகைப் படங்களுக்கு இர்ஃபான்வியூ. அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் ஆக்கினோம்.

ஆக்கிய பிறகு கோப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது? கம்பெனி வைத்தவை எண்கள். பிரிவு எண் தெரிந்தவருக்குத்தான் அவை பேசும். நாங்கள் வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து சொல்கிற வார்த்தையிலேயே பெயர் வைத்தோம். ஸ்டார்ட் ஆகல. கருப்புப் புகை. இழுவை இல்ல. சூடு ஏறுது. ஏசி போட்டா ஆஃப் ஆகுது. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அந்தக் குறைக்குரிய சோதனை வரிசை, சம்பந்தப்பட்ட வயரிங், ரிலே பெட்டிப் படம். தனியாக, ஹெட் போல்ட் டார்க், டைமிங் மார்க், எண்ணெய் அளவு. மேனுவலின் ஆங்கிலம் அவருக்குத் தடையாகவே இல்லை. பாகங்களின் பெயரை அவர் ஆயுசு முழுக்க ஆங்கிலத்தில்தான் சொல்லி வந்திருக்கிறார். அவருக்கு வேண்டியவை எண்ணும் படமும். கம்பெனி மென்பொருளின் தேடலைவிட இந்தத் தமிழ்ப் பெயர்கள் வேகமாக உதவின. பட்டறையில் வேலை பழகுகிற பையன்கூடத் தானே எடுத்துப் பார்க்கிறான். நகல் எடுக்கும் நுட்பத்தைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டார்க் அட்டவணையை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு லேமினேட் செய்து சுவரில் மாட்டச் சொன்னேன். மாட்டுவதற்கு முன் அலகைப் பாருங்கள். மேனுவல் நியூட்டன் மீட்டரில் சொல்லும். பட்டறையின் டார்க் ரென்ச் கிலோகிராம்-மீட்டரிலோ அடி பவுண்டிலோ இருக்கலாம். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். இதை மாற்றாமல் இறுக்கினால் போல்ட் அறுந்து பிளாக்கிலேயே நின்றுவிடும், பிறகு லேத் பட்டறைதான் கதி. அட்டையிலேயே இரண்டு அலகிலும் எழுதிவிடுவது நல்லது.

பஜாரிலும் பென்டிரைவிலும் சுற்றுகிற மேனுவல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வைரஸ் ஒரு பக்கம். அதைவிட ஆபத்து, வேறு நாட்டுப் பதிப்பு. பெயர் ஒன்றாக இருக்கும், இன்ஜின் வேறாக இருக்கும். ஸ்டியரிங் இடப்பக்கம், ரிலே பெட்டி எதிர்ப்பக்கம், புகைக் கட்டுப்பாட்டு நிலை வேறு, சென்சார் எண்ணிக்கை வேறு. இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் குறியீடும் சேஸிஸ் எண் வரம்பும் மேனுவலின் முதல் பக்கங்களோடு ஒத்துப்போனால் மட்டும் அதன் எண்ணை நம்பலாம்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகக் கையில் இருக்கும் கணினி நிரலை அது வழங்கப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்தவும், தொலைந்தால், அழிந்தால், கெட்டால் என்ற காப்புக்காகவும் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது, இரண்டு ஆண்டு வரை சிறை. சொந்த டிஸ்க்கின் ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து படிப்பது ஒன்று, நகல் போட்டு விற்பது வேறொன்று. ஹார்டுவேர் சாவியோ ஆன்லைன் உரிமமோ கேட்கிற, தரவையே மறையாக்கி வைத்திருக்கிற மேனுவல்களை நான் தொடவில்லை. அவற்றை உடைக்கச் சொல்லவும் மாட்டேன்.

அவற்றை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்தக் கேள்வி இந்தியாவில் ஏற்கெனவே கேட்கப்பட்டது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டுபோன புகார், உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் நுட்பத் தகவல்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுக்கப்படுகின்றன என்பது. மூன்று நிறுவனங்கள் மேல் தொடங்கிய விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிப்பதில் முடிந்தது. வெளிப் பட்டறைகளுக்கும் பாகங்களும் கருவிகளும் கிடைக்க வழிசெய்யுமாறு ஆணையம் உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் வந்தன, 2016-இல் சிலரின் அபராதம் குறைந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகும் அருப்புக்கோட்டைப் பட்டறைக்காரர் ஒருவர் கீறல் டிஸ்க்கோடு மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்குக் கோபம் தருகிறது.

ஐரோப்பாவில் 2007-இல் வந்த 715 எண் ஒழுங்குமுறை, பழுதுநீக்கத் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் இணையம் வழியே தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கட்டணத்தை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் செலுத்தலாம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் இதற்கெனச் சட்டமே நடப்பில் இருக்கிறது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று இணைய வாசல் ஒன்றைத் திறந்தது. வாகனம், விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம் என நான்கு துறைகள். நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் தரலாம் என்ற நிலை போதாது. ஒரு மணி நேரத்துக்கு நூறு இருநூறு ரூபாய் என்று வைத்தால் எந்தப் பட்டறையும் கட்டிவிட்டுப் படிக்கும். விற்பனையை நிறுத்துகிற நிறுவனம், நாட்டைவிட்டுப் போகும்முன் தன் மேனுவல்களைப் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி வர வேண்டும். வண்டியை முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அதைத் திறக்கும் வழியும் சேர்ந்தே சொந்தம்.

மேனுவல் கிடைத்தாலும் தீராதவை உண்டு. இம்மொபிலைசர் சாவியைப் புதிதாகப் பழக்குவது, இன்ஜெக்டர் மாற்றியபின் அதன் குறியீட்டை ஈசியூவில் எழுதுவது போன்றவற்றுக்குக் கம்பெனியின் ஸ்கேனரோ நல்ல பொது ஸ்கேனரோ வேண்டும். மேனுவல் அந்த இடத்தில் கருவியைப் பொருத்து என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். புது வண்டிகளுக்கு டிஸ்க்கே கிடையாது. எல்லாம் சந்தா கட்டிப் பார்க்கும் இணையப் பக்கங்கள். அங்கே நகலெடுக்க வட்டு ஒன்றும் இருக்காது. சேமிக்க அனுமதி உள்ள பக்கங்களைச் சந்தா உயிரோடு இருக்கும்போதே வண்டி எண் போட்டுச் சேமித்து வைப்பது ஒன்றே இப்போதைக்கு வழி.

பழைய வண்டிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் டிஸ்க் வைத்திருந்தால் இந்தக் கோடைக்குள் ஐஎஸ்ஓ ஆக்கிவிடுங்கள். ஒரு நகல் கணினியில், ஒன்று வேறு வீட்டில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில், பிடிஎஃப்கள் போனில். வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடக்கிற போனின் மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் போகும், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 எண்ணை செவன்-ஜிப்பிலேயே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு ஒத்துப் பார்த்தால், நகல் கெட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், இன்னொரு நகலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அசல் டிஸ்க்கையும் தூக்கிப் போட வேண்டாம். உறையில் போட்டு, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரின் டிஸ்க்கில் விடுபட்ட செக்டார்களை நிரப்ப அது தேவைப்படும்.